நீலக்கோட்டுக்கு இரண்டு முழம் தள்ளி

நாக்குச் சுளுக்கும் பெயர் இந்தத் தெருவுக்கு.
பெர்லினுக்கு வந்து ஆறு வருடம்,
இன்னமும் பேருந்து ஓட்டுநரிடம்
விரலால்தான் காட்டுகிறேன்.

இன்று பேருந்து இல்லை.
கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் கிடக்கிறது தார்.
நடுவே ஒரு நீலக்கோடு,
இருப்பதிலேயே குறைந்த தூரம் இதுதான் என்று
நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்
சொல்லிக்கொண்டே போகிறது.

ஏழரைக்கே வந்து இடம் பிடித்தேன்,
முப்பதாவது கிலோமீட்டர்ப் பலகைக்கு அருகே,
லிண்டன் மர நிழல் விழாத பக்கம்.
கணக்கும் போட்டாயிற்று.
தபால்பெட்டியில் தொடங்கிக் குப்பைத்தொட்டி வரை
என் லென்ஸுக்குள் அவர்கள் இருக்கப்போவது
நான்கு விநாடி.
விநாடிக்கு எட்டுப் படம்.
முப்பத்திரண்டு வாய்ப்பு!
பெண் பார்க்கப் போனபோதுகூட
யாரும் எனக்கு இத்தனை தரவில்லை.

பக்கத்தில் ஃபிராவ் வெண்ட்லாண்ட்,
மூன்றாம் மாடியிலிருந்து
சூப்புப் பானையின் மூடியோடு இறங்கி வந்தவர்.
மரக்கரண்டியால் ஒரு தட்டு தட்டி
"போதுமா சத்தம்?" என்றார்.
போதாது என்றான்
அப்பாவின் தோளில் இருந்த பையன்.

முதலில் ஹெலிகாப்டர்.
பிறகு போலீஸ் மோட்டார் சைக்கிள்கள்.
பிறகு கூரைமேல் கடிகாரம் சுமந்த கார்,
கல்யாண வண்டிபோல் மெதுவாகத்தான் தெரிந்தது
பின்னால் வருபவர்களைப் பார்க்கும்வரை.

ஐந்து பேர்.
ஓடுகிறார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.
யாரோ தரையைப் பின்பக்கம் உருவுகிறார்கள்;
இவர்கள் அவ்வப்போது அதைத்
தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.
தப் தப் தப் என்று
மெத்தையைத் தட்டுகிற சத்தம்.
முகத்தில் வேதனையைத் தேடினேன்,
வங்கி வரிசையில் நிற்கிறவர்களின் முகம்தான் இருந்தது.

அழுத்தினேன்.
சரியாக அந்த நேரம் பார்த்து
ஃபிராவ் வெண்ட்லாண்ட் மூடியைத் தூக்கினார்.

அவ்வளவுதான்.
அவர்கள் போன காற்றில்
ஒரு காகிதக் கோப்பை கொஞ்ச தூரம் உருண்டது.

குப்பைத்தொட்டி தாண்டியதும்
ஐந்தில் ஒருவன் நீலக்கோட்டை விட்டு விலகினான்.
வரிபோட்ட பனியன். நெஞ்சில் எண் இல்லை,
பேசர் என்று எழுதியிருந்தது.
முன்னால் ஓடி, எதிர்க்காற்றைத் தன் மார்பில் வாங்கி
முப்பதுவரை கொண்டுவந்து விடுவது வேலை.
விட்டுவிட்டான்.
முழங்காலில் கை ஊன்றி நின்றான்.

"தோத்துட்டாரா?" என்றான் பையன்.
அவன் அப்பா மற்ற நால்வரும் போன திசையையே
பார்த்துக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தவன் என் கேமராவைப் பார்த்தான்.
காட்டு என்று கையசைத்தான்.
திருகித் திருகிக் காட்டினேன்:
மூடி.
மூடி.
பாதித் தோள்.
மூடியில் தெரிகிற என்னுடைய தொப்பி.
மூடி.
எனக்கே காது சூடேறியது.

இருபத்தேழாவதில் நிறுத்தச் சொன்னான்.
இடுப்புக்குமேல் முழுக்க
ஃபிராவ் வெண்ட்லாண்டின் கம்பளிக் கை.
கீழே பத்துக் கால்கள்.
தார்மேல் அவரவர் நிழல்
யாரோடும் ஒட்டாமல் கிடந்தது.
உப்புப் பூத்த விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு
தன் மொழியில் எண்ணினான்.
பத்தில் ஒன்றுகூடத் தரையில் இல்லை.
ஆரஞ்சுக் காலணியில் விரல் நின்றது.
சிரித்தான்,
பிறகு இருமினான் வெகுநேரம்.

தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ ஒரு கோட்டும் போர்த்தினார்கள்.
சுரங்க ரயில் எங்கே என்று கேட்டுக்கொண்டு
நடைபாதையில் நடந்தான்.
படிக்கட்டில் நேராக இறங்க முடியவில்லை,
கைப்பிடியைப் பற்றிப் பக்கவாட்டில்
ஒவ்வொரு படியாக,
நண்டுபோல.

எனக்குப் பின்னால் தெருவில் மறுபடியும் கைதட்டல்,
அடுத்த கூட்டம் வந்துவிட்டது.
நான் திரும்பவில்லை.
முப்பத்துமூன்றாவது படம் அது.
கூர்மையாக விழுந்திருக்கிறது:
ஆரஞ்சுக் காலணி,
குதிகால் முதல் நுனிவரை
படியில் முழுவதுமாக.

ஃபிராவ் வெண்ட்லாண்ட் கேட்டிருப்பது
மூடியின் படம்.
பெரிதாக வேண்டுமாம், சமையலறையில் மாட்ட.