ஏழாவது

காலை நடை முடிந்து பள்ளிப் பேருந்தை நிறுத்தினால்
பிற்பகல் இரண்டரை வரை நான் என் வசம்.
கிம்லிக்கு வடக்கே, உறைந்த ஏரிக்கரையில்
ஓரெஸ்ட்டின் தகரக் கொட்டகை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே டீசல் அடுப்பு இருமிக்கொண்டிருக்கும்.

இடது இறக்கை என்கிறோம். இன்னும் இறக்கை இல்லை.
முன்னும் பின்னுமாய் இரண்டு நெடுஞ்சட்டங்கள்,
புது ஸ்புரூஸ், தேன் நிறத்தில் வார்னிஷ்.
பழைய சட்டம் சுவரில் சாய்ந்திருக்கிறது.
ஓர் ஆணித்துளையில் தொடங்கி
மயிரிழையாய் அரைச் சாண் ஓடிய விரிசல்.
யாரோ அதன்மேல் வர்ணம் பூசிவிட்டுப்
பறந்திருக்கிறார்கள், பல கோடைகள்.
"அதிர்ஷ்டக்காரன்" என்றார் ஓரெஸ்ட்.
நான் வேறொரு சொல் சொன்னேன்.

விலாக்களை நுனியிலிருந்து கோத்தோம்,
வீங்கிய விரலுக்கு மோதிரம் ஏற்றுகிற பக்குவத்தில்.
குறுக்கே இழுகம்பிகள்.
மூலைக்கு மூலை அளந்தால்
கால் அங்குலம் உதைத்தது.
அரைத் திருகு, அளவு.
கால் திருகு, அளவு.
ஓரெஸ்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தார் எண்களை,
லாட்டரிச் சீட்டைப் படிப்பதுபோல்.

சதுரம் வந்த பிறகுதான் ஆணி.
முதலில் நூல் கனத்தில் துளை;
அவசரப்பட்டால் மரம் வாய் பிளந்துவிடும்.
விலாவுக்குள் நுழைவது என் கைதான்,
அவர் விரல் ஒவ்வொன்றும் ஒரு தொத்திறைச்சி.
பித்தளை ஆணி, விரல்நக நீளம்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதற்குச் சுத்தியலை ஓங்கினேன்,

சுவரில் ஒரு விலா தொங்கிக்கொண்டிருந்தது.

ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே
பல் விழுந்த வாய்.
மூன்று மணி நேரம் இருவரும்
அதற்குள்ளால் கை நீட்டி
காப்பிக் கோப்பை மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

"குறுக்கே வெட்டி, உள்ளே வைத்து ஒட்டிவிட்டால்?"
ஓரெஸ்ட் கையில் ரம்பம்.
நான் பதில் சொல்லவில்லை.
பழைய சட்டத்தைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
ரம்பம் அதன் கொக்கிக்குத் திரும்பியது.

நுனிப் போல்ட்டுகள், கம்பிகள், எல்லாம் வெளியே.
பதினான்கு, பதின்மூன்று, பன்னிரண்டு...
யாரும் பேசவில்லை. பதினொன்றில்
அவர் திடீரென்று சிரிக்கத் தொடங்கினார்,
எனக்குச் சிரிக்க நேரமில்லை, மணி இரண்டு பத்து.

விரலெல்லாம் வார்னிஷ் பிசுக்கு.
பேருந்தில் ஏறியவர்கள் இருபத்திரண்டு பேர்.
கண்ணாடியில் எண்ணினேன்.
கதவை மூடாமல் திரும்ப எண்ணினேன்.

"யாரைத் தேடுறீங்க?" என்றான்
எய்னார்சன் வீட்டுச் சின்னவன்,
தொப்பியைக் கழற்றாமல்.

"ஏழாவதை" என்றேன்.

அவன் மெல்லத் திரும்பித்
தன் பின்னால் பார்த்தான்.