ஒரே தகப்பன்

செத்துப் பதினோரு வருடமான காளையை
மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு
நந்தி மலையேறுகிறேன்.

ஜாடிக்குள் உறைந்து கிடக்கிறான்,
சுழியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு.
மூடியைத் திறந்தால் வெண்புகை.
பிள்ளைகள் ஓடிவந்து பேய் பேய் என்கிறார்கள்.
தவறில்லை.
கனடாவில் புதைத்தார்களோ எரித்தார்களோ,
இங்கே கப்சபெட் சந்தை நாளிலும்
அவனுக்கு வேலை ஓயவில்லை.

பெயர் கிடையாது. எண்தான்: 4471.
தேயிலைத் தோட்டத்துக்கு இந்தப் பக்கம்
எந்தப் பட்டியில் கறுப்பு வெள்ளைக் கன்று துள்ளினாலும்
நெற்றிச் சுட்டியில் அவன் கையெழுத்து.

பசு கத்தினால் பர்சோசியோ போன் செய்வார்:
"ஜெருதோ, நேற்றுச் சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது, பறந்து வா."
மழைக்குப் பின் இந்தச் செம்மண்ணில்
பறப்பதாவது.
வெந்நீரில் குழலை இளக்கி நாற்பது எண்ணுகிறேன்.
தோள்வரை கையுறை.
உள்ளே வெதுவெதுப்பு.
இதைவிட அமைதியான இடம்
எனக்கு வேறு தெரியாது.

பெண் கன்றுக்கென்றே பிரித்தெடுத்த விந்து,
மூன்று மடங்கு விலை.
பத்துக்கு ஒன்பது பெண் என்று தாளில் போட்டிருந்தது.
அந்தப் பத்தாவது
பர்சோசியோ வீட்டில் பிறந்தது.

காசைத் திருப்பிக் கேட்டார்.
தாளைக் காட்டினேன்.
"பத்தாவது ஆள் நான்தான் என்று
இதில் எந்த வரியில் இருக்கிறது?"
அவர் மனைவி முர்சிக் ஊற்றிக் கொடுத்தாள், கரி மணக்க.
வாயில் மோர் இருக்கச் சண்டை ஓடவில்லை.
கன்றை விற்கவுமில்லை, வெட்டவுமில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு மழையில் பாலம் போனது.
எல்தோரெத்திலிருந்து நைட்ரஜன் வண்டி
ஐந்து வாரம் வரவில்லை.
என் ஜாடி வற்றி வெறும் அலுமினியமானது.
செத்தவன் இரண்டாம் முறை செத்தான்.

அன்றுமுதல் பர்சோசியோ வாசலில் வரிசை.
ஒரு தடவைக்கு ஐந்நூறு ஷில்லிங்.
காளை கம்பீரமாகத்தான் இருந்தது,
நெற்றியில் அதே சுட்டி.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.
இந்தப் பசுவின் தகப்பன் யார், பார்.
அந்தக் காளையின் தகப்பன் யார், பார்.
பயிற்சியில் படித்த சொற்களை
ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு,
"ஒரே குலம்" என்றேன்.

வரிசை மூச்சுவிடவில்லை.
ஒரே குலத்தில் பெண்ணெடுக்காத மனிதர்கள்.
ஒருவர் கயிற்றை இழுத்துப் பசுவைத் திருப்பினார்.
யாரோ சிரித்தார்கள்.
அப்புறம் வாசலில் குளம்படிச் சேறு மட்டும்.

பர்சோசியோ கேட்டார்:
"இவனை எங்கே அனுப்ப? நீயே சொல்."
பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம்?
பக்கம் புரட்டினேன். 4471.
மொசொரியோத்? 4471.
ஆற்றங்கரைக் கூட்டுறவு?
என் கையெழுத்தே என்னைப் பார்த்தது.
ஒன்பது வருடத்துப் பால்,
அதில் கட்டிய பள்ளிக் கட்டணம், வேய்ந்த தகரக் கூரை,
எல்லாவற்றுக்கும் ஒரே தகப்பன்.
கூட்டிவந்தவள் நான்.

ஒரு வாசல் பாக்கி.
டாப்கிகெனின் மாடுகள் குட்டை, திமில் வைத்தவை.
வேளைக்கு ஒரு குவளை பால், அதுவும் மனமிருந்தால்.
உண்ணிக் காய்ச்சல் ஊரையே சாய்த்த வருடம்
அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன.
என்னை மூன்று முறை
வேலியோடு திருப்பி அனுப்பியவள்.
அவள் பெயருக்கு நேராக
"பிடிவாதம்" என்று எழுதி வைத்திருந்தேன்.

அந்தச் சொல்லை அடித்துவிட்டு
அவள் வேலியோரம் வண்டியை நிறுத்தினேன்.
பின்னிருக்கையில் ஜாடி இல்லை.
அவள் இருக்கையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
நாயிடம் மட்டும்
சும்மா இரு என்றாள்.