வெறுங்காணி

மாங்குளத்துக்குக் கிழக்கே அந்தப் பள்ளத்தை
லோகேந்திரன் மலிவாய் வாங்கினான்.
கோரைப்புல், கூழைக்கடா எச்சம்,
பன்றி கிண்டிய சேறு.
உறுதியில் 'வெறுங்காணி' என்றிருந்தது.
நாற்பத்திரண்டு டிப்பர் கிரவல் கொட்டினான்.

மார்கழியில் மூன்று நாள் விடாத மழை.
காட்டில் விழுந்ததெல்லாம்
வழக்கம்போல் இளைப்பாற வந்து,
இடமில்லாமல்,
கனகராயன் ஆற்றில் ஒரேயடியாய் இறங்கியது
சேற்றையும் கழற்றாமல்.

இரணைமடுவில் அளவுகோல் பார்க்கிற சுகிர்தா
இரவு இரண்டு மணிக்கு
ஓரடி கூட்டி எழுதினாள்,
அழித்தாள்,
திரும்பவும் அதையே எழுதினாள்.
வான்கதவு திறந்தது.
முரசுமோட்டையில் குடலைப் பயிர் மூழ்கியது.

ஆடியில் அவன் கிணறு வெட்டினான்.
பதினெட்டு முழம். கல். காய்ந்த கல்.
"மார்கழியில் இங்கை வெள்ளமெல்லோ!"

பள்ளத்தில் கிடந்து ஊறவேண்டிய தண்ணீர்
சுண்டிக்குளம் தாண்டி
எப்போதோ கடலாகியிருந்தது.