இரண்டாம் கோலி

ஜூன் முதல் வாரம் பெயர் எழுதினார்கள்.
பதினெட்டில் பதினெட்டாவது நான்.
"கையுறை உண்டா?" என்றார் தாணப்பன் சார்.
இயற்பியல் லேபில் பேட்டரி மாற்றுகிறவர்,
எங்கள் கோச்சும் அவர்தான்.
ரப்பர் பாலில் ஆசிட் ஊற்ற
அப்பா போடும் உறை வீட்டில் இருந்தது.
அதைச் சொல்லவில்லை.

லைசன்தான் முதல் கோலி. தூத்தூர்க்காரன்.
அலைக்கு நின்று பழகிய கால்;
பந்து போகும் பக்கம்
பந்துக்கு முன்பே போய் நிற்பான்.
நான் பெஞ்ச்.
பெஞ்ச் என்றால் பெஞ்ச் இல்லை, ஒரு தென்னந்தடி.
சீசன் முடிவதற்குள் அதில் காளான் முளைத்தது.

மார்த்தாண்டத்தில் சமன்.
தக்கலையில் சமன்.
அருமனையில் மழை. பந்து சேற்றில் புதைந்தது;
மரச்சீனி பிடுங்குவதுபோல்
இருபது பேர் சுற்றி நின்று உதைத்தார்கள்.
அதுவும் சமன்.
'தோற்காத அணி' என்று நோட்டீஸ் போர்டில்
மெர்பின் எழுதினான்.
யாரோ அடித்து 'ஜெயிக்காத' என்று திருத்தினார்கள்.
இரண்டும் சரி.

ஜூலையோடு மீன்பிடித் தடை முடிந்தது.
லைசன் வந்து கையுறையை என் மடியில் போட்டான்.
"நாப்பது நாளு, மக்கா. அக்கா கல்யாணக் கடன்.
எடது கை கிழிஞ்சிருக்கு, தச்சுக்கோ."
வேறொன்றும் சொல்லவில்லை.
தேங்காப்பட்டணத்தில் படகேறிப் போனான்,
லட்சத்தீவுக்கும் அப்பால்,
செல்போன் செத்துப்போகும் கடலுக்கு.

பிறகு என் கணக்கு.
குழித்துறையிடம் மூன்று வாங்கினேன்.
கருங்கலிடம் நான்கு;
அதில் ஒன்று கால்களுக்கு நடுவே.
இன்றும் கேன்டீனில் நடித்துக் காட்டுகிறார்கள்.
நாகர்கோவிலில் ஆறு.
ஆறாவதைப் பிடித்தேன்,
பிடித்தபடியே கோட்டுக்குள் விழுந்தேன்.
வடசேரியில் பஸ் ஏறும்போது
எவனும் திட்டவில்லை.
பழம்பொரி வாங்கித் தந்தார்கள்.
அதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

கடைசி ஆட்டம் குளச்சலில்.
மூன்றுக்கு ஒன்று.
அந்த ஒன்றை ஜெனோ போட்டான்,
எண்பத்தெட்டாம் நிமிடம்,
யாருக்கும் தேவைப்படாத நேரத்தில்.
ஆனாலும் பந்தை வலையிலிருந்து எடுத்து
நடுக்கோட்டுக்கு ஓடினான்,
இன்னொரு மணிநேரம் கையில் இருப்பவன்போல.

அன்றிரவு லைசனின் தம்பி டெல்வின்
கரையில் நின்ற படகொன்றின் ஒயர்லெஸில் சொன்னான்:
"மூணு, ஒண்ணு."
அதைக் கேட்ட படகு அடுத்த படகுக்குச் சொன்னது.
அது அடுத்ததற்கு.
ஒன்றில் எஞ்சின் இரைச்சல்.
ஒன்றில் டீசல் விலைப் பேச்சு.
ஒன்றில், மூன்று யாருக்கு, ஒன்று யாருக்கு
என்று கேட்கச் சோம்பல்,
அல்லது இரக்கம்.
எட்டாம் படகு லைசனிடம் சொன்னது:
"மூணு ஒண்ணு, ஒங்க காலேஜ் அடிச்சிட்டு."

செப்டம்பர் பத்தாம் தேதி வந்தான்,
முதுகுத் தோல் உரிந்து, தாடியோடு.
தோளில் ஒரு முழுக் கேரை மீன்,
சாக்குக்குள் பனிக்கட்டி சொட்டச் சொட்ட.
"டீமுக்கு" என்றான்.

விடுதியில் குடம்புளி போட்டு வைத்தார்கள்.
கிழங்கும் மீனும்.
நோட்டீஸ் போர்டில் பட்டியல் இருந்தது.
எட்டு அணிகள்; எங்கள் பெயர் எட்டாவது.
மெர்பின் மெல்ல எழுந்துபோய்
தாளின் கீழ்ப்பாதியை மடித்துக் குத்திவிட்டு வந்தான்.

"குளச்சல்ல நீ எத்தன தடுத்தே?"
லைசன் என்னைத்தான் கேட்டான்.
முள்ளே இல்லாத துண்டில்
எல்லோரும் முள் தேடினார்கள்.
"காத்து பலமா இருந்துது" என்றேன்.
தலையாட்டினான்.

கையுறையைத் திருப்பிக் கொடுத்தேன்.
இடது கையில் நான் தைத்த இடத்தை
விரலால் தடவிப் பார்த்தான்.
தையல் விடவில்லை.

மறுநாள் காலை தாள் விரிந்திருந்தது,
எட்டாவது வரி வரைக்கும்.
மடிப்பின் மேல் எண்ணெய் பட்ட ஒரு விரல் தடம்.
அன்று ராத்திரி
மீன் தின்னாதவர் யாருமில்லை.