வானிலைக் குரல்

விளம்பரத்தில் இருந்தது:
இரவு வேலை. தனி ஆள்.
டிராம் அச்சுகளுக்கு மசகு இட வேண்டும்.
அதற்கும் கீழே, தடித்த எழுத்தில்:
சரளமாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

யாரோடு, என்று யோசித்தாள் கிங்கா.
அச்சோடா?

விரோத்ஸ்வாஃப் நகரில் அப்போது நவம்பர்,
ஓடர் ஆறு மூச்சுவிடுவது கண்ணுக்குத் தெரிகிற குளிர்.
விண்ணப்பிக்கத் தொலைபேசி மட்டும்தான் வழி.
பிறந்த நாளிலிருந்தே முரண்டுபிடிக்கும் நாக்கு
வணக்கத்தைத் தாண்டுவதற்குள்
குடித்திருக்கிறாயா என்று கேட்டு வைத்துவிட்டார்கள்.
மூன்று தடவை.
மூன்றாம் தடவை அவள் சிரித்துவிட்டாள்.
சிரிப்பு மட்டும் அவளுக்கு உடனே வரும்.

அண்ணன் பேசி நாள் வாங்கினான்.
"இவங்களுக்கு ஸ்பேனர் பிடிக்க வருமா?"
கேள்வி அவன் முகத்துக்குப் போனது.
அவன் ஜன்னலைப் பார்த்தான்
(அப்படித்தான் பேசிவைத்திருந்தார்கள்).
மடியிலிருந்த கருவியில்
ஒற்றை விரலால் தட்டினாள் கிங்கா.
நாற்பது நொடி.
ஒருவர் பேனாவை மூடி,
ஒருவர் கடிகாரம் பார்த்து,
ஒருவர் அடுத்த கேள்விக்கே போய்விட்ட பிறகு
வானிலை வாசிக்கும் ஆண் குரலில்
கருவி சொன்னது:
என்னிடம் கேளுங்கள்.

கேட்டது ஹல்ஷ்கா மட்டும்தான்,
பணிமனைப் பொறுப்பாளர்.
மறுவாரம் கேள்விகள் முந்தின நாளே வந்தன.
அறையில் கடிகாரத்தைக் கழற்றியிருந்தார்கள்,
சுவரில் ஆணி இருந்தது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்போம் நாம்.
ஆறாம் எண் கொட்டகைக்கு வந்து பார்க்க வேண்டும்.
அவளுக்குக் கொடுத்த ரேடியோ
முதல் வாரமே அலமாரிக்குப் போயிற்று.
தண்டவாளத்தில் ஸ்பேனரால்
இரண்டு தட்டினால் வா,
மூன்று தட்டினால் நிறுத்து,
ஒன்று, தேநீர்.
கம்ப்ரசர் ஓடும்போது
ரேடியோ யாருக்குத்தான் கேட்டிருக்கிறது?
இப்போது வாயுள்ள பிள்ளைகளும் தட்டுகிறார்கள்.

குஸ்தாவ் மட்டும் இன்னும்
அவள் தொடங்குவதையெல்லாம் முடித்துவைக்கிறான்.
"ச..."
சக்கரமா? சங்கிலியா? சரியா?
அவள் தலையை ஆட்டி ஆட்டி ஓய்ந்து
கருவியைத் தூக்கிக்கொண்டு
ஹல்ஷ்காவின் அறைக்கு நடந்தாள்.

பயிற்சிச் சம்பளத்தில்
பதினான்கு மாதம் ஆகிறது,
என்றது கருவி,
இன்று மாலை லேசான தூறல்
என்பதுபோல.

ஹல்ஷ்கா பேனாவை மூடினாள்.
ஜன்னலைப் பார்த்தாள்.
பத்து நொடி. இருபது.
நாற்பதும் ஆயிற்று.
கிங்கா சத்தத்தை ஒரு படி கூட்டிவைத்துக்கொண்டு
காத்திருந்தாள்.