முதலில் விழ வேண்டியது

காவேரிப்பட்டணத்துக்கு வெளியே இருக்கும்
மாம்பழக் கூழ் ஆலைக்கு வரைபடம் போட்டது நான்தான்.
டிரான்ஸ்பார்மரிலிருந்து கூழ்க்கூடத்துக்கு நூற்று நாற்பது மீட்டர்.
சுமை நாற்பது ஆம்பியர்.
பதினாறு சதுர மில்லிமீட்டர் அலுமினியம் போட்டால்
போகிற வழியிலேயே இருபத்தொரு வோல்ட் தொலைந்துபோகும்.
இருபத்தைந்து போடுங்கள் என்று எழுதினேன்.
முதலாளி சிங்காரப்பா விலைப்பட்டியலை
பொருந்தாத ஜாதகத்தைப் பார்ப்பதுபோல்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பதினாறே போட்டார்.

என் வேலை என்னவென்று கேட்டால்
எது முதலில் தோற்க வேண்டும் என்று
முன்கூட்டியே முடிவெடுப்பது.
மோட்டார் கேட்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக,
கேபிள் தாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவாக,
அந்தச் சந்துக்குள் ஓர் எண்ணைத் தேடுவேன்.
தகரக் கூரையின் மே மாதச் சூட்டைக் கழிப்பேன்.
ஒரே தட்டில் நெருக்கியடித்துக் கிடக்கும்
ஐந்து கேபிள்களின் புழுக்கத்தைக் கழிப்பேன்.
கிளம்பும்போது மோட்டார் ஆறு மடங்கு இழுக்கும்,
அதற்குப் பதறாத பிரேக்கராக வேண்டும்.
கம்பியும் கம்பியும் தொட்டுக்கொண்டால்
யோசிக்காத பிரேக்கராக வேண்டும்.
நாலாம் மேசையில் கோளாறு என்றால்
நாலாம் மேசை மட்டும் நிற்கட்டும்,
ஆலை இருள வேண்டாம்.

ஜூன். இரவு பதினொன்று.
"மேடம், நீங்க வெச்ச ஆர்சிசிபி சரியில்ல.
நாலாம் மேசையில மூணு வாட்டி விழுந்துடுச்சு.
கேட்டுக்கு வெளிய பெங்களூரா லோடு வரிசையா நிக்குது.
திம்மராயன் டைரக்டா குடுத்துடறேங்கறான்."
"குடுக்க வேணாம். வர்றேன்."
அணைப் பக்கம் தூறல்.
ஸ்கூட்டர் விளக்கில் பூச்சிகள்.

முப்பது மில்லி ஆம்பியர்.
பழைய பூஜ்ய வாட் பல்புக்குக்கூடப் பற்றாது.
ஈரத் தரையில் நிற்கும் ஆளுக்கு அதிகம்.
போவதையும் திரும்புவதையும் எண்ணிக்கொண்டே இருந்து,
திரும்பியது குறைந்தால்
கதவைச் சாத்திவிடும் கருவி அது.
எங்கே குறைந்தது என்று அதற்குத் தெரியாது.

ஷிப்ட் நோட்டில் நேரம் எழுதியிருந்தது.
9.10. 9.40. 10.25.
ஒவ்வொன்றுக்கும் எதிரே: ரீசெட்.

நாலாம் மேசையில் தோல் வழித்துக்கொண்டிருந்தவள் மாதம்மாள்.
பென்னாகரம் பக்கமிருந்து சீசனுக்கு வந்தவள். வெறுங்கால்.
"மேசையத் தொட்டா கட்டெறும்பு கடிச்சாப்ல இருந்துச்சுங்க.
ஒடனே கரண்டு போயிருது."
"எத்தன தடவ?"
"மூணு."

குனிந்து பார்த்தேன்.
பழப்புளிப்பு அரித்துத் தின்ற லக்,
அதைவிட்டுக் கழன்று தொங்கும் எர்த் கம்பி.
மோட்டாருக்கு மெக்கர் வைத்தேன்,
முள் பூஜ்யத்திலேயே படுத்துக்கொண்டது.
மேசையிலிருந்து மண்ணுக்குப் போக
மின்சாரத்துக்கு ஒரே வழிதான் இருந்திருக்கிறது.
அந்த வழிக்குப் பெயர் மாதம்மாள்.

நான் யாரையும் திட்டவில்லை.
நோட்டை வாங்கி, மூன்று ரீசெட்டுக்குப் பக்கத்திலும்
அவள் பெயரை எழுதி
சிங்காரப்பாவிடம் நீட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.
திம்மராயன் கையிலிருந்த துண்டு வயரை
பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டான்.

மாற்று மோட்டார் ஏற்றி,
பன்னிரண்டு ரூபாய் லக் ஒன்றை முறுக்கி முடித்தபோது
மணி ஒன்றரை.
"அப்ப உங்க சாமானம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.
பில்லைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"தொடலாம்" என்றேன்.
மாதம்மாள் என்னைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள்.
புறங்கையால் தொட்டாள் முதலில்,
சுண்டினால் கை தானாக விலகிவரும்படி.
எங்கே கற்றாள் என்று நான் கேட்கவில்லை.
பிறகுதான் உள்ளங்கை.

அப்புறம் பெரிய பல்ப்பர் கிளம்பியது.
கூடத்து விளக்குகள் எல்லாம்
ஒரு நொடி மங்கி நிமிர்ந்தன.
அந்தப் பதினாறு சதுர மில்லிமீட்டரைப் பற்றி
நாளைக்குப் பேச வேண்டும்.