துருக் கை

ஊர்ப் பெயர் சூல். பொருத்தம்தான்:
ஒன்பது நாளாகக் கலையாத மேகம்.

இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு
வெள்ளி நிறம்தான் என்று முடிவெடுத்து வந்திருந்தேன்.
செதுக்கிய இலைகள் பளிச்சென்று தெரியும்.
"வாத்துக்கும் தெரியும்" என்றார் ஹார்ட்விக்.
சரி, கறுப்பு.
அதற்கும் தலையசைக்கவில்லை.
பூச்சில்லாத இரும்புத் துண்டொன்றை
என் கையில் வைத்து மூடச் சொல்லி
நூறு எண்ணியபின் வாங்கி,
பெயரெழுதி அலமாரியில் போட்டார்.

அடுத்த செவ்வாய் போனேன்.
இரும்பில் என் விரல்கள்
செம்மண் நிறத்தில்,
ரேகை பிசகாமல்.

"துருக் கை" என்றார்,
வியாதியைச் சொல்வதுபோல.
எங்கள் குடும்பத்தில் சர்க்கரை உண்டு, தெரியும்.
இது புதிது.

குழலைக் கறுப்பாக்குவதும் துருதானாம்:
அமிலம் தடவித் துருவேற விட்டு,
கொதிநீரில் அவித்து, தேய்த்து,
மறுபடி துரு. ஏழெட்டு முறை.
"பாதி வேலை உங்களுக்கே வரும்.
நிறுத்தத்தான் வராது."

இரும்புக்குக் கறுப்பு, கட்டைக்கு எண்ணெய்,
கேட்காமலே ஒரு ஜோடிக் கையுறையும்
பில்லில் ஏறியது.

இரும்புத் துண்டை மட்டும் கேட்டு வாங்கினேன்.
பேருந்தில் மறுபடி மூடிக்கொண்டேன்,
நூறு தாண்டியும் எண்ணியபடி.